பால்பல்லில் அடைத்தது எவ்வளவு காலம் நிற்கும்? யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு வரும் தாய் தகப்பன்மாரும் அம்மம்மாமாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்தச் சாமானால் அடைப்பது நல்லது என்றுதான் பெரும்பாலும் பேச்சுத் தொடங்கும். ஆனால் அடைத்த சாமானின் பெயரைவிட, ஓட்டை பல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அடைக்கும்போது பல் காய்ந்திருந்ததா, பிள்ளைக்கு என்ன வயது என்ற மூன்றும்தான் அந்த அடைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாசியுங்கள்.

விழப்போகிற பல்தானே, ஏன் அடைக்க வேண்டும்?

எந்தப் பல் எப்போது விழும் என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். பால்பற்கள் மொத்தம் 20. கீழே முன்னால் இருக்கும் இரண்டும் 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பற்கள் அப்படியல்ல. முதலாவது 9 முதல் 11 வயது வரையும், இரண்டாவது 10 முதல் 12 வயது வரையும் வாயில் இருக்க வேண்டியவை. நேசறிக்குப் போகும் 4 வயதுப் பிள்ளையின் கடைசிப் பால்பல்லில் சூத்தை என்றால், அந்தப் பல்லுக்கு இன்னும் 6 முதல் 8 வருட வேலை மிச்சம் இருக்கிறது. அவ்வளவு காலத்துக்கும் பிள்ளை அதனால்தான் சாப்பிட வேண்டும்.

பால்பல்லின் வெளிப்பூச்சான எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதித் தடிப்புத்தான். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் அறை பெரியது, மேற்பரப்புக்குக் கிட்டவே இருக்கிறது. அதனால் சிறு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடலாம். பல்லின் அடியில் சீழ் கட்டினால் அதற்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பழுதாகலாம்.

இரண்டாவது கடைவாய்ப் பால்பல்லை நேரகாலத்தோடு பிடுங்கிவிட்டால் பின்னால் இருக்கும் நிரந்தரப் பல் அந்த இடத்துக்குள் சரிந்து வரும். பிறகு முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இல்லாமல் போய், வளர்ந்த பின் கம்பி போட வேண்டிவரும்.

அப்படியென்றால் எவ்வளவு காலம் நிற்கும் அடைப்பை நல்ல அடைப்பு என்று சொல்வது?

பல் தானாக விழும் வரை நோவில்லாமல் நின்றால் அது வெற்றி. பெரியவர்களின் பல்லில் அடைப்பது போல 20 வருடம் நிற்க வேண்டிய தேவை இங்கே இல்லை. 9 வயதுப் பிள்ளையின் முதலாவது கடைவாய்ப் பால்பல்லில் இரண்டு வருடம் தாங்கும் அடைப்பே தாராளம். அதே ஓட்டை 4 வயதில் வந்தால் இரண்டு வருட அடைப்பு போதாது. ஒரே அளவு ஓட்டையோடு வந்த அக்காவுக்கு ஒரு வைத்தியமும் தம்பிக்கு வேறொரு வைத்தியமும் செய்வதற்குக் காரணம் இதுதான். அதைப் பாரபட்சம் என்று நினைக்க வேண்டாம்.

எந்த அடைப்பு நின்று பிடிக்கும், எது விழும்?

கடிக்கும் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் ஓட்டையை அடைத்தால் அநேகமாக நிற்கும். சுற்றிவர நான்கு பக்கமும் பல்லே சுவராக நின்று அடைப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று முட்டும் பக்கத்தில் வரும் ஓட்டைதான் தொல்லை. அங்கே ஒரு பக்கச் சுவரே இல்லை, ஓட்டையின் அடிவிளிம்பு முரசுக்குக் கிட்டப் போய்விடும், உமிழ்நீரும் இரத்தமும் ஊறிக்கொண்டே இருக்கும்.

இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. துளைக்கும் இயந்திரம் இல்லாமல், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்து, கெட்டியான கிளாஸ் அயனோமர் சீமெந்தால் அடைக்கும் ஒரு முறை உண்டு. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் உருவானது. அந்த முறையில் செய்த அடைப்புகள் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு 2018 இல் வந்தது. கடைவாய்ப் பால்பற்களில் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த அடைப்புகளில் நூற்றுக்குச் சுமார் 94 இரண்டு வருடம் கழித்தும் நன்றாக நின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களைத் தொட்ட அடைப்புகளில் நூற்றுக்குச் சுமார் 65 தான் நின்றன. சாமானும் முறையும் ஒன்றுதான், ஓட்டையின் இடம் மட்டுமே வேறு.

ஆகவே, "ஓட்டை மேலே மட்டுமா, இரண்டு பல்லுக்கு இடையிலும் இருக்கிறதா?" என்று பல் வைத்தியரைக் கேளுங்கள். இடையில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியாமலே வளரும் என்பதால், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சீமெந்து வைத்தார்கள். அது தற்காலிக அடைப்பா?

கிளாஸ் அயனோமர் வைத்திருப்பார்கள். அதைத் தற்காலிகம் என்று ஒதுக்குவது சரியில்லை. பல்லோடு இரசாயன முறையில் தானாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஈரத்தையும் பொறுக்கும், சூத்தையைத் தடுக்கும் புளோரைட்டைச் சிறிது சிறிதாக வெளிவிடும், அதிகம் துளைக்கவும் வேண்டியதில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இவை பெரிய உதவிகள். குறை என்னவென்றால் அது நொறுங்கும் தன்மை உள்ளது, கடித்துக் கடித்துத் தேயும், இரண்டு பல்லுக்கு இடையில் உடையும். வைத்த பின் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கக் கொடுக்காதீர்கள். அது முழுதாக இறுகச் சுமார் ஒரு நாள் எடுக்கும், அதுவரை மென்மையான சாப்பாடே நல்லது. இதிலேயே பிசின் கலந்து வெளிச்சத்தால் இறுக்கும் வகையும் உண்டு, அது இன்னும் கொஞ்சம் பலமானது.

காசு கொடுத்து, பல்லின் நிறத்திலேயே லைட் அடித்து இறுக்கும் அடைப்புச் செய்தோம். அது ஏன் ஒரு வருடத்தில் விழுந்தது?

அது கொம்பொசிற். அருமையான சாமான், அழகும் பலமும் இருக்கிறது. ஆனால் பல் முழுதாகக் காய்ந்திருந்தால்தான் ஒட்டும். முதலில் அமிலக் களி பூசிக் கழுவி, காயவைத்து, ஒட்டும் திரவம் தடவி, பிறகு மெல்லிய படைகளாக வைத்து ஒவ்வொரு படைக்கும் நீல வெளிச்சம் காட்ட வேண்டும். இடையில் பிள்ளை அழுது நாக்கைத் தள்ளி, ஒரு சொட்டு உமிழ்நீர் பட்டாலும் அந்த இடத்தில் பிடிப்புப் போய்விடும். மாரி மழைக்குள் சுவருக்கு வெள்ளை அடித்தது போலத்தான், அன்றைக்குப் பார்க்க வடிவாக இருக்கும்.

றப்பர் விரிப்பு ஒன்றால் பல்லைத் தனியே பிரித்து வைத்துச் செய்த அடைப்புகள் கூடக் காலம் நிற்கின்றன என்று ஆய்வுகளில் தெரிகிறது. அதனால் கொம்பொசிற் வேண்டுமென்றால் முதலில் பிள்ளை ஆடாமல் அசையாமல் இருக்குமா என்று யோசியுங்கள். 8 வயதுப் பிள்ளைக்குச் சரிவரும். ஊசியைப் பார்த்தவுடன் கதிரையை விட்டு இறங்கி ஓடும் 3 வயதுப் பிள்ளைக்கு, விலை கூடிய சாமான் என்பதற்காக அதை வைக்கச் சொல்லிக் கேட்பதில் பயன் இல்லை.

கொம்பொமர் என்று இன்னொன்றும் உண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட சாமான். பால்பல்லில் நன்றாகவே நிற்கிறது. அதற்கும் ஒட்டும் திரவமும் காய்ந்த பல்லும் தேவை.

லண்டனில் இருக்கும் சித்தி, வெள்ளி அடைப்பு வைக்கவே கூடாது என்கிறா. உண்மையா?

அமல்கத்தைத்தான் சொல்கிறா. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மிச்சம் வெள்ளி, தகரம், செம்பு. உறுதியில் அதைக் குறை சொல்ல முடியாது, ஈரத்தையும் பொறுக்கும். ஆனால் அது பல்லோடு ஒட்டாது, பிடிப்புக்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டும். சின்னப் பால்பல்லில் அது நட்டம்.

பாதரசம் சுற்றாடலில் சேருவதைக் குறைக்க 2013 இல் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை உருவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 யூலை முதல், மிகவும் அவசியமான நிலைமைகள் தவிர, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அதை வைப்பதை நிறுத்தியது. ஆக, புதிதாக வைக்க வேண்டாம் என்ற அளவில் சித்தி சொல்வது சரி. அதற்காகப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும், உடையாத, நோகாத அமல்கத்தைத் தோண்டி எடுப்பிக்காதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும்.

எவர்சில்வர் தொப்பி போடச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகமில்லையா?

இந்தக் கேள்விக்கு நீட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நமது பெற்றோர் அதிகம் தயங்குவது இதற்குத்தான், நிற்கும் காலத்தில் மற்ற எல்லாவற்றையும் வெல்வதும் இதுதான்.

பால்பல்லின் உருவத்திலேயே அளவளவாகச் செய்து வரும் துருப்பிடிக்காத உருக்குக் கிறவுன்கள் 1950 அளவிலிருந்து பாவனையில் உள்ளன. பல்லை முழுதாக மூடிவிடுவதால் உடைவதற்கு விளிம்பு இல்லை, உணவு போய்த் தங்க இடைவெளியும் இல்லை. பால்பல் வைத்தியங்களை ஒப்பிட்டு 2018 இல் வெளியான இன்னொரு மீளாய்வில் இந்தக் கிறவுன்களின் வெற்றி 96.1 சதவீதம், எல்லாவற்றிலும் கூடியது. பழுதான அடைப்புகளில் 36.5 சதவீதத்துக்குக் காரணம், அடைப்பின் ஓரத்தில் திரும்பவும் சூத்தை பிடித்தது. மூடிய பல்லில் அதற்கு வழி மிகக் குறைவு.

ஊசியும் துளைப்பும் இல்லாமலே இதைப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியர் பல வருடமாகச் செய்துவந்த முறை இது. சூத்தையைத் தோண்டாமல், சீமெந்து நிரப்பிய கிறவுனைப் பல்லின் மேல் அழுத்திப் போட்டுவிடுவார். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சீனி கிடைக்காமல் போவதால் சூத்தை நின்றுவிடுகிறது. அந்த நாட்டிலேயே 132 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வின் ஐந்து வருட முடிவு 2011 இல் வந்தது. நோ, சீழ் போன்ற பெரிய தோல்வி இந்த முறையில் 3 சதவீதம், வழக்கமான அடைப்புகளில் 16.5 சதவீதம். அடைப்பு விழுவது, தேய்வது போன்ற சின்னத் தோல்வி இங்கே 5 சதவீதம், அங்கே 42 சதவீதம்.

பற்கள் நெருக்கமாக இருந்தால், சில நாள் முன்னதாக இடையில் சின்ன றப்பர் வளையம் வைத்து இடம் எடுப்பார்கள். போட்ட அன்றைக்கு முரசு வெளிறித் தெரியும், கடிக்கும்போது உயரமாக இருப்பதாகப் பிள்ளை சொல்லும். முரசு விரைவில் பழைய நிறத்துக்கு வந்துவிடும், கடி சில கிழமைக்குள் சமப்படும். பல் விழும் வயதில் தொப்பியும் அதனோடு சேர்ந்து விழும்.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, முரசில் சீழ்க் கொப்புளம், வீக்கம் இருந்தால் நரம்பு ஏற்கெனவே பழுதாகியிருக்கும், அதை மூடி வைப்பது பிழை. நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிரிக்கும்போது தெரியுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அது பின்பல். பொம்பிளைப் பிள்ளை என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தால் மட்டும் மென்றுகொண்டிருப்பதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. வெள்ளை நிறத்தில் சேர்கோனியாக் கிறவுனும் உண்டு, அதற்குப் பல்லை அதிகமாக வெட்ட வேண்டும், விலையும் அதிகம்.

பால்பல்லில் நரம்பு வைத்தியம் செய்தோம். மேலே வெறும் அடைப்புப் போதுமா?

கடைவாய்ப் பல் என்றால் கிறவுன்தான் நல்லது. நரம்பு வைத்தியம் செய்த பல் சுவர் மெலிந்து போயிருக்கும். அடைப்பின் ஓரத்தால் கிருமி உள்ளே போனால் செய்த வைத்தியம் முழுதும் வீண்.

முன்பல் நான்கும் கறுத்து உடைகின்றன. அதற்கு என்ன வைக்கலாம்?

மேல் முன்பற்கள் 2, 3 வயதிலேயே கரைவது, வாயில் சூப்பிப் போத்தலோடு நித்திரையாகும் பிள்ளைகளில் கூட. நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும், பால்மாவும் சீனியும் பல்லில் அப்படியே தங்கிவிடும். முன்பல் மெல்லியது, அடைப்புக்குப் பிடிப்பு இல்லை, கிளாஸ் அயனோமர் அங்கே அடிக்கடி விழும். பல் ஓரளவு மிஞ்சியிருந்தால் மெல்லிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் கொம்பொசிற் நிரப்பி முழுப் பல்லையும் வடிவமைக்கலாம்.

பிள்ளை மிகச் சிறியது என்றால் வேறு வழியும் உண்டு. வெள்ளியும் புளோரைட்டும் கலந்த ஒரு திரவத்தைச் சூத்தையில் தொட்டு வைத்தால் அது இறுகி, மேலும் போகாமல் நிற்கும். வருடத்துக்கு இரண்டு தரம் பூசுவது வழக்கம். பூசிய சூத்தை நிரந்தரமாகக் கறுக்கும். அதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும், பிறகு கண்டு அதிர்ச்சியடையக் கூடாது.

அடைப்பு விழுந்துவிட்டது, பிள்ளை விழுங்கியிருக்கலாம்.

விழுங்கியதால் பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றால் போய்விடும். விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிறவுன் முழுதாகக் கழன்று கையில் கிடைத்தால் கழுவி எடுத்துப் போங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். நோகவில்லை என்று திறந்த ஓட்டையோடு மாதக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் அடைப்பைக் கரைக்குமா?

இல்லை. நமது தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதிலுள்ள சுண்ணாம்பு கேத்திலில் படியுமே தவிர அடைப்பை ஒன்றும் செய்யாது. கிளாஸ் அயனோமரைக் கரைப்பது புளிப்புப் பானங்கள். சோடாவையும் நெல்லிக் கிறஷையும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பிள்ளையின் வாயில் எந்த அடைப்பும் நெடுநாள் நிற்காது.

அடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

முடியவில்லை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பல் வைத்திய நிலையங்களில் 3 முதல் 7 வயது வரையான 1144 பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அடைப்பும் தடுப்பு முறைகளும், இன்னொன்றுக்குச் சூத்தையை மூடிவிடுவதும் தடுப்பும், மூன்றாவதுக்குத் தடுப்பு மட்டும். முடிவு 2020 இல் வந்தது. மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவாக, நூற்றுக்குச் சுமார் 43 பிள்ளைகளுக்குப் பிறகும் நோவோ சீழோ வந்தது. ஏற்கெனவே சூத்தை பிடித்த வாயில், எந்த வைத்தியமும் தனியே நின்று பிள்ளையைக் காப்பாற்றாது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன். சூத்தை வரும் காரணம் வீட்டில் அப்படியே இருந்தால் அது அடைப்பின் ஓரத்தால் திரும்பி வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நித்திரைக்கு முன் பல் தீட்டிய பிறகு தண்ணீர் மட்டும். 7, 8 வயது வரை பெரியவர்களே தீட்டிவிட வேண்டும், பிள்ளையின் கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வந்திராது. பற்பசையில் புளோரைட் 1000 பிபிஎம்மாவது (பெட்டியில் ppm என்று இருக்கும்) இருக்கட்டும். சில சிறுவர் பற்பசைகளில் அதில் பாதிதான் இருக்கும், சில மூலிகைப் பற்பசைகளில் ஒன்றுமே இருக்காது, பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். 3 வயதுக்குள் அரிசி மணியளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். தீட்டியபின் துப்பினால் சரி, கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும்.

இனிப்பில் அளவைவிட எத்தனை தரம் என்பதுதான் முக்கியம். நல்லூர்த் திருவிழாவில் ஒரு நாள் தும்பு முட்டாஸ் சாப்பிட்டதால் பல் போகாது. தினமும் பள்ளிக்குக் கிறீம் பிஸ்கட், பின்னேரம் பணிஸும் சீனி போட்ட தேத்தண்ணியும், இரவில் பால்மா என்று வாய் ஓய்வில்லாமல் இனிப்பில் இருப்பதால்தான் போகும். பனங்கட்டியும் பல்லுக்குச் சீனிதான். கிறவுன் போட்ட பிள்ளைக்குக் கச்சான் அல்வா, ரொபி போன்ற ஒட்டும் பண்டங்கள் வேண்டாம், கிறவுனை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

6 வயதில் பின்னால் வந்த கடைவாய்ப் பல்லும் விழுந்து முளைக்குமா?

முளைக்காது. தயவுசெய்து இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 6 வயதளவில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஓசையில்லாமல் வருவது முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், 9 வயதில் பிடுங்கும் நிலையில் கொண்டுவருகிறார்கள். அந்தப் பல்லின் குழிகளை முன்கூட்டியே அடைத்துப் பாதுகாக்கலாம், சில நிமிட வேலை.

எங்கே போவது? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை காட்டுவது?

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் மகரகமவில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் இலவசமாகப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து அடைக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எந்த நிலையம் என்று அதிபரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால் சொல்வார்கள். சிக்கலானதை யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். முதல் பிறந்தநாள் அளவிலேயே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அடைப்பு இருக்கும் பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கொண்டுபோங்கள், சூத்தை கூடப் பிடிக்கும் வாய் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அல்லது வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால், கிளினிக் நாள் வரும் வரை பொறுக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.